உப்புக் காற்றுக்கு எந்த வைட் லென்ஸ்? கேள்வி-பதில்

கேள்வி: சோனி ஏ6400 கேமராவும் அதோடு வந்த 16-50 லென்ஸும் வைத்திருக்கிறேன். அரிச்சல்முனையில் விடியலும் வாலிநோக்கம் கரையில் பால்வீதியும் எடுக்க ஆசை. சிக்மா 16 எஃப் 1.4, சோனி 15 எஃப் 1.4 ஜி, சோனி 11 எஃப் 1.8 ஆகிய மூன்றில் எது சரி? (பாம்பன் வாசகர்)

பதில்: கையிலுள்ள லென்ஸ் 16 மி.மீ.யில் எஃப் 3.5 வரைதான் திறக்கும் (எஃப் எண் குறையக் குறைய ஒளி அதிகம் நுழையும்). எஃப் 1.4 அதைவிட ஆறு மடங்குக்கும் சற்று அதிகமாக வெளிச்சத்தை உள்ளே விடும். ஐ.எஸ்.ஓ.வை (சென்சாரின் ஒளி உணர்திறனை) 12,800 வைத்துப் புள்ளி புள்ளியாக வந்த அதே படம் ஐ.எஸ்.ஓ. 2000-லேயே வந்துவிடும். இரவு வானத்துக்கு இந்த மாற்றம் பெரிது. வாங்குவது நியாயமான செலவுதான்.

ஆனால் நட்சத்திரம் எடுக்க எஃப் எண்ணை மட்டும் பார்த்தால் போதாது. மி.மீ.யை எஃப் எண்ணால் வகுத்துப் பாருங்கள். வருவதுதான் ஒளி நுழையும் துவாரத்தின் விட்டம். சிக்மா 16-க்கு 11.4 மி.மீ., சோனி 15-க்கு 10.7, சோனி 11-க்கு 6.1. புள்ளியாகத் தெரியும் நட்சத்திரத்தின் ஒளி இந்தத் துவாரத்தின் பரப்பளவுக்குத் தக்கபடிதான் சேரும். அந்தக் கணக்கில் 11 மி.மீ. லென்ஸ் சேர்ப்பது சிக்மா சேர்ப்பதில் மூன்றில் ஒரு பங்கைவிடக் குறைவு. வானம் அகலமாகக் கிடைக்கும், பால்வீதி சிறுத்து மங்கிப்போகும். படகுக்குள்ளும் சின்ன அறைக்குள்ளும் நின்று பேசி வீடியோ எடுப்பவருக்கு 11 நல்ல லென்ஸ். உங்களுக்கு அது வேண்டாம்.

மிச்சம் இரண்டு. சிக்மா 405 கிராம், ஃபில்டர் அளவு 67 மி.மீ., விலை நன்றாகவே குறைவு. ஆனால் ஈரம் தடுக்கும் ரப்பர் வளையம் மவுண்ட் பக்கம் (கேமராவில் பொருந்தும் இடத்தில்) மட்டும்தான் உண்டு. சோனி 15 வெறும் 219 கிராம், 55 மி.மீ. ஃபில்டர், தூசியும் ஈரமும் புகாதபடி கட்டப்பட்டது, அபெர்ச்சர் வளையமும் (ஒளித் துவாரத்தைத் திருகி மாற்றுவது) இருக்கிறது. எந்நேரமும் உப்புக் காற்று வீசும் பாம்பனில் இருப்பவருக்கு எங்கள் பரிந்துரை 15. பணம் இடித்தால் சிக்மாவை வாங்கி, மிச்சத்தில் உறுதியான ட்ரைபாட் ஒன்று வாங்குங்கள். ஏ6400-க்குள் அதிர்வைத் தடுக்கும் வசதி இல்லை. இந்த லென்ஸ்களிலும் இல்லை.

உங்கள் கேமராவின் சென்சார் முழு ஃபிரேமைவிடச் சிறியது என்பதால், 16 மி.மீ. லென்ஸ் அதில் முழு ஃபிரேமின் 24 மி.மீ. கோணம் தரும். 500-ஐ 24-ஆல் வகுத்து ஷட்டரை 20 விநாடி திறந்து வைக்கலாம் என்பார்கள். இன்றைய சென்சாரில் பெரிதாக்கிப் பார்த்தால் நட்சத்திரம் கோடாக இழுத்திருக்கும். 300-ஐ வகுத்து 12 விநாடி வையுங்கள். எஃப் 1.8 அல்லது 2, ஐ.எஸ்.ஓ. 3200-இல் தொடங்கலாம். எஃப் 1.4-லேயே எடுத்தால் படத்தின் மூலையில் நட்சத்திரங்களுக்குச் சிறகு முளைத்ததுபோல் ஆகலாம். இதற்குக் கோமா என்று பெயர். கொஞ்சம் மூடினால் குறையும். ஃபோகஸைத் தூரத்துக் கலங்கரை விளக்கத்திலோ பிரகாசமான நட்சத்திரத்திலோ திரையைப் பெரிதாக்கிக் கையால் வையுங்கள். வளையத்தைக் கடைசிவரை திருப்பி விட்டுவிட்டால் படம் மங்கும். இவ்வகை லென்ஸ்கள் முடிவிலியைத் தாண்டியும் சுற்றும்.

பால்வீதியின் நடுப்பகுதி நம் கரையில் தென்கிழக்கே உதித்து, தெற்கே ஏறக்குறைய 52 பாகை உயரம்வரை ஏறும். மார்ச் கடைசியில் நள்ளிரவை ஒட்டி உதிக்கும், ஏப்ரல் முடிவில் இரவு பத்து மணிக்கு முன்பே. தெற்கே மன்னார் வளைகுடாவைப் பார்த்து நிற்கும் வாலிநோக்கம் போன்ற கரைகள் அதற்கு ஏற்றவை. தனுஷ்கோடிக்கு இரவுப் படம் என்று திட்டமிடாதீர்கள். மாலையோடு அங்கிருந்து திரும்பிவிட வேண்டும்.

கேள்வி: முழு ஃபிரேம் (பெரிய சென்சார்) சோனிக்கு 14 எஃப் 1.8 வாங்கலாமா, 20 எஃப் 1.8 வாங்கலாமா? (மண்டபம் வாசகர்)

பதில்: 20. ஒரே காரணம், 14-இன் முன்கண்ணாடி குமிழாகப் புடைத்திருப்பதால் முன்னால் ஃபில்டர் போட முடியாது; ஃபில்டர் தாள் செருகும் இடம் பின்பக்கம்தான் இருக்கிறது. ஆண்கடல் (மன்னார் வளைகுடா) பக்கம் அலை தெறித்தால் உப்புத்துளி நேரே அந்தக் கண்ணாடியில்தான் விழும். 20 எஃப் 1.8 ஜி 373 கிராம், 67 மி.மீ. ஃபில்டர் ஏற்கும், துவாரமும் 11 மி.மீ. இருப்பதால் நட்சத்திரத்துக்கும் குறைவில்லை.

கேள்வி: எஃப் 1.4 லென்ஸ் வாங்கினேன். பகலில் கடற்கரையில் படமெல்லாம் வெளுத்துப் போகிறது. லென்ஸில் பழுதா? (தேவிபட்டினம் வாசகர்)

பதில்: பழுது இல்லை. நல்ல வெயிலில் ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 16 என்றால் ஷட்டர் 1/100 விநாடி. எஃப் 1.4 அதைவிட ஏழு படி திறந்தது (ஒவ்வொரு படிக்கும் ஒளி இரட்டிக்கும்), ஆகவே 1/12,800 வேண்டும். பல கேமராக்களில் மெக்கானிக்கல் ஷட்டர் 1/4000-ல் நின்றுவிடும். வெண்மணலும் தண்ணீரின் மினுக்கும் சேர்ந்தால் நிலைமை இன்னும் மோசம். நிலக்காட்சிக்கு எஃப் 5.6 முதல் 8 வரை மூடிக்கொள்ளுங்கள். எஃப் 16-க்குப் போனால் கூர்மை குறையும். பின்னணியை மங்கலாக்கித்தான் தீரவேண்டும் என்றால் என்.டி. 8 ஃபில்டர் (வெளிச்சத்தை எட்டில் ஒன்றாகக் குறைக்கும் கருங்கண்ணாடி) போடுங்கள். வீடியோவில் 1/50 ஷட்டரோடு எஃப் 4 வைத்தால் என்.டி. 32 போதும். திருகித் திருகி இருட்டைக் கூட்டும் என்.டி. ஃபில்டரை வைட் லென்ஸில் முழுக்கத் திருகினால் வானத்தில் பெருக்கல் குறிபோல் கருப்பு விழும். போலரைசரும் (பளபளப்பைக் குறைக்கும் ஃபில்டர்) அப்படித்தான், நீல வானம் திட்டுத்திட்டாகும்.

கேள்வி: ஒரே ஆண்டில் லென்ஸுக்குள் பூஞ்சை வந்துவிட்டது. ஃபில்டரும் கழற்ற வராமல் இறுகிவிட்டது. எப்படிப் பராமரிப்பது? (கீழக்கரை வாசகர்)

பதில்: இரண்டுக்கும் காரணம் வேறு வேறு. ஃபில்டர் இறுகுவது உப்பால். அலுமினிய வளையமும் அலுமினிய மரையும் உப்பீரத்தில் அரித்து ஒட்டிக்கொள்ளும். பித்தளை வளையமுள்ள ஃபில்டர் இவ்வளவு லேசில் இறுகாது. எதுவானாலும் மாதக்கணக்கில் மாட்டியபடி விடாமல் வாரம் ஒருமுறை கழற்றி மாட்டுங்கள்.

கரையிலிருந்து வந்ததும் முதலில் ஊதுபந்தால் மணலை ஊதித் தள்ளுங்கள். உலர்ந்த துணியால் துடைத்தால் மணல் கண்ணாடியைக் கீறிவிடும். பிறகு மைக்ரோஃபைபர் துணியை நல்ல தண்ணீரில் நனைத்து இறுகப் பிழிந்து, லென்ஸின் உடலைத் துடைத்து, இன்னொரு உலர்ந்த துணியால் ஒற்றுங்கள். போர் தண்ணீர் வேண்டாம். நம் பகுதியில் பல இடங்களில் அதுவே உவர்ப்பு. கேன் தண்ணீர் அல்லது பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் நல்லது. ஃபில்டரைக் கழற்றித் தனியாகவே கழுவலாம். மவுண்டிலுள்ள பொன்னிற முனைகளில் ஈரம் படக்கூடாது.

பூஞ்சைக்குக் காரணம் காற்றின் ஈரப்பதம். 60 சதவீதத்துக்கு மேல் நாள்கணக்கில் இருந்தால் வளரத் தொடங்கும்; கடற்கரை வீட்டு அலமாரியில் அது சாதாரணம். தோல் உறையில் வைப்பது இன்னும் கேடு. ரப்பர் விளிம்புள்ள காற்றுப் புகாத சமையலறை டப்பா ஒன்று, சின்ன ஈரமானி ஒன்று, சிலிக்கா ஜெல் கால் கிலோ வாங்குங்கள். முள் 40-க்கும் 50-க்கும் இடையில் நிற்க வேண்டும். நீல ஜெல் இளஞ்சிவப்பானால் ஈரம் குடித்துவிட்டது என்று பொருள்; சமையலுக்குப் பயன்படுத்தாத பழைய வாணலியில் சிறு தீயில் மறுபடி நீலமாகும்வரை வறுத்து, ஆறியபின் வையுங்கள். அரிசி போடாதீர்கள், மாவுத்தூசி லென்ஸுக்குள் போகும்.

ஏ.சி. அறையிலிருந்து நேரே கரைக்குப் போனால் கண்ணாடியில் நீர் பூக்கும். பையைத் திறக்காமல் முக்கால் மணி நேரம் வெளியே வைத்திருந்து பிறகு திறங்கள். கச்சான் காற்று (மேல்காற்று) வீசும் மாதங்களில் தனுஷ்கோடிச் சாலையில் நின்று லென்ஸ் மாற்றவே வேண்டாம். வண்டிக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு, கேமராவின் வாய் கீழே பார்த்திருக்க மாற்றுங்கள். பூஞ்சை, உப்பு, மணல் இவற்றால் வரும் சேதத்தைப் பொதுவாக வாரண்டி ஏற்காது என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம்.

கேள்வி: திருமண ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். ஆன்லைனில் வாங்கிய வைட் லென்ஸில் வலது ஓரம் மட்டும் மங்கல். 'எல்லா வைட் லென்ஸும் ஓரத்தில் அப்படித்தான்' என்கிறார் விற்றவர். (தொண்டி வாசகர்)

பதில்: இரண்டு ஓரமும் ஒரேபோல் மங்கினால் அவர் சொல்வது சரி. ஒரு பக்கம் மட்டும் என்றால் உள்ளே கண்ணாடி மையம் விலகியிருக்கிறது. அதை நிரூபிக்கும் வழி இது. காலையில் வெயில் ஏறுமுன், கானல் எழுமுன், தூரத்துச் செல்போன் கோபுரம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ட்ரைபாட், ஐ.எஸ்.ஓ. 100, முழு அபெர்ச்சர், 2 விநாடி டைமர். அதே கோபுரத்தை நான்கு மூலையிலும் ஒவ்வொன்றாக வைத்து, ஒவ்வொரு முறையும் ஃபோகஸ் புதிதாக வைத்து எடுங்கள். மூன்று மூலை ஒத்துப்போய் ஒன்று மட்டும் குழம்பினால் லென்ஸ் பழுது. வாங்கிய அன்றே, திரும்ப எடுக்கும் கெடு முடியுமுன் இதைச் செய்ய வேண்டும். சுவரை எடுத்துச் சோதித்தால் கேமரா சற்றுச் சாய்ந்திருந்தாலே முடிவு தவறிவிடும்.

பெட்டியில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, எம்.ஆர்.பி., மாதம், ஆண்டு அச்சிட்ட ஒட்டுத்தாள் இருக்கிறதா? இல்லையென்றால் முறையான வழியில் வந்த சரக்கா என்பதே சந்தேகம். 'கடை வாரண்டி' என்று எழுதித் தருவதைக் கம்பெனி சர்வீஸ் சென்டர் ஏற்காது. பில்லில் ஜி.எஸ்.டி. எண்ணோடு லென்ஸின் சீரியல் எண்ணையும் எழுதி வாங்குங்கள்.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. பழுதான பொருளைப் பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எழுதவில்லையென்றால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி முறையற்ற வணிகம். முதலில் 1915 என்ற தேசிய உதவி எண்ணில் பதியுங்கள். பலிக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. வழக்குப் போடக் கெடு இரண்டு ஆண்டு. தொழிலுக்கு வாங்கியதால் நீங்கள் நுகர்வோர் அல்ல என்று எதிர்த்தரப்பு வாதிடலாம். சுயதொழிலாகப் பிழைப்புக்காக மட்டும் வாங்கியதை அச்சட்டம் வணிக நோக்கம் என்று கொள்வதில்லை. மனுவில் அதை முதல் பத்தியிலேயே எழுதிவிடுங்கள்.

கேள்வி: கேனான் ஆர்50-க்கு ஆர்எஃப் 16 எஃப் 2.8 வாங்கினால் ஏர்வாடி சந்தனக்கூடு எடுக்க உதவுமா? (ஏர்வாடி வாசகர்)

பதில்: 165 கிராம்தான், விலையும் குறைவு, ஆனால் இரவு ஊர்வலத்துக்கு எஃப் 2.8 பற்றாது. கேனான் ஆர்எஃப் மவுண்ட்டுக்கே சிக்மா 16 எஃப் 1.4 வருகிறது, நான்கு மடங்கு வெளிச்சம். நடக்கும் கூட்டத்துக்கு ஷட்டர் 1/160-க்குக் கீழே போகவேண்டாம். எஃப் 1.4 அல்லது 1.8, ஐ.எஸ்.ஓ. 1600 முதல் 3200 வரை. முகங்களைப் படத்தின் ஓரத்தில் விடாதீர்கள், இழுத்து அகலமாக்கிவிடும். ஆளிடமிருந்து ஒன்றரை மீட்டராவது தள்ளி நில்லுங்கள்.