செல்லப் பறவையுடன் வெளிநாட்டுப் பயணம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் விமான டிக்கெட் எடுத்த தேதியைக் குறிப்பிடுகின்றன. பறவையின் இனப்பெயரைக் குறிப்பிடுபவை மிகச் சில. இறங்கும் நாடு எழுத்தில் அனுமதி தந்த பிறகே டிக்கெட் எடுக்க வேண்டும் என்று முன்பும் எழுதியிருக்கிறேன். கீழே உள்ள பதில்களிலும் அதைத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கேள்வி: லவ் பேர்ட்ஸ் ஒரு ஜோடியை அமெரிக்காவுக்குக் கொண்டு செல்ல என்னென்ன வேண்டும்? (கோயம்புத்தூர்)

எந்தப் பறவை என்று நீங்கள் எழுதவில்லை. நம் ஊர்க் கடைகளில் லவ் பேர்ட்ஸ் என்று விற்கப்படுவது பெரும்பாலும் ஆஸ்திரேலியாவைப் பூர்வீகமாகக் கொண்ட பட்ஜெரிகர். உண்மையான லவ் பேர்ட் ஆப்பிரிக்காவைச் சேர்ந்த, வால் குட்டையான வேறு இனம். பட்ஜெரிகரும், காக்கட்டீல் என்னும் கொண்டைக் கிளியும், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் பட்டியல்களில் இல்லை. ஃபிஷர் லவ் பேர்ட் அதன் 2-ஆம் பட்டியலில் இருக்கிறது. பெயர் மாறினால் வாங்க வேண்டிய அனுமதிகளும் மாறும் என்பதால் இனி அறிவியல் பெயரோடு எழுதுங்கள்.

இந்தியாவிலிருந்து செல்லும் எந்தப் பறவைக்கும் அமெரிக்க வேளாண் துறையின் இறக்குமதி அனுமதி வேண்டும். முன்பதிவு செய்து பணம் கட்டிய அரசுத் தனிமைக் கூடத்தில் சுமார் 30 நாள் அது இருக்கவும் வேண்டும். சைட்டிஸ் பட்டியலில் உள்ள பறவையானால் அந்நாட்டின் 1992-ஆம் ஆண்டுக் காட்டுப் பறவைகள் பாதுகாப்புச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். அதன்படி, அமெரிக்காவுக்கு வெளியே குறைந்தது ஓராண்டு தொடர்ந்து வசித்தவர்தான், ஆண்டுக்கு 2 பறவைகள் வரைதான், தனி அனுமதி பெற்றுக் கொண்டு செல்லலாம். தனிமைக் கூடத்தில் இடம் உறுதியாகும்வரை டிக்கெட் எடுக்காதீர்கள்.

கேள்வி: மெல்பர்னுக்குக் குடிபெயர்கிறோம். எங்கள் காக்கட்டீலைக் கொண்டு செல்லலாமா?

முடியாது. ஆஸ்திரேலியா நியூசிலாந்தைத் தவிர வேறெங்கிருந்தும் செல்லப் பறவைகளை ஏற்பதில்லை. நியூசிலாந்து எங்கிருந்துமே ஏற்பதில்லை. வழி இருக்கிறது என்று சொல்லி யாராவது முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

கேள்வி: அம்மா 12 ஆண்டுகளாகப் பச்சைக்கிளி வளர்க்கிறார். அவரோடு கிளியையும் சிங்கப்பூருக்கு அழைத்துக்கொள்ள விரும்புகிறேன். (திருச்சி)

நீங்கள் சொல்வது செந்தார்ப் பைங்கிளி என்று நினைக்கிறேன். நம் நாட்டுக் காட்டுப் பறவையான அதை வீட்டில் வைத்திருப்பதே 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அதை ஏற்றுமதி செய்ய எந்த அலுவலகத்திலும் அனுமதி கிடைக்காது. உங்கள் அம்மாவின் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் கூண்டைத் திறந்துவிடாதீர்கள். 12 ஆண்டுகள் கிண்ணத்தில் தின்ற கிளிக்கு வெளியே இரை தேடத் தெரியாது, முதல் நாளே காக்கைகள் சூழ்ந்துகொள்ளும். வனத் துறை அலுவலகத்தில் ஒப்படையுங்கள்.

கேள்வி: எங்கள் ஆப்பிரிக்கச் சாம்பல் கிளிக்கு 6 வயது. கடையில் பில் தரவில்லை. அடுத்த மாதம் 18-ஆம் தேதி லண்டன் செல்கிறோம். ஏதாவது சான்றிதழ் ஏற்பாடு செய்து தர முடியுமா? (சென்னை)

முடியாது, கேட்கவும் கூடாது. இப்படி ஒரு கடிதம் வராத மாதம் இல்லை என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

சாம்பல் கிளி 2016-இல் ஜோகன்னஸ்பர்க்கில் நடந்த சைட்டிஸ் மாநாட்டில், கட்டுப்பாடு மிகக் கடுமையான 1-ஆம் பட்டியலுக்கு மாற்றப்பட்டு, 2017 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. காட்டிலிருந்து பிடித்துப் பிடித்தே அந்த இனத்தைக் காலி செய்துவிட்டார்கள். கானாவில் மட்டும் 1990-களுக்குப் பிறகு 90 விழுக்காட்டுக்கும் மேல் அழிந்துவிட்டது. ஆகவே இறங்கும் நாட்டின் இறக்குமதி அனுமதி முதலில் வர வேண்டும். அதைக் காட்டிய பிறகே நம் நாட்டின் ஏற்றுமதி அனுமதியைக் கேட்க முடியும். இரண்டு இடத்திலும் கேட்கப்படும் முதல் கேள்வி, இந்தக் கிளி எங்கே பொரித்தது என்பதுதான். அதற்குப் பதில் சொல்வது பில்லும், காலில் இருக்கும், இணைப்பே இல்லாத மூடிய வளையமும், மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையத் தளத்தில் செய்த பதிவும். குஞ்சுக்கு இரண்டு மூன்று வாரம் ஆகும்போது விரல்களைச் சேர்த்துப் பிடித்து அந்த வளையத்தை நுழைப்பார்கள். கால் பருத்த பிறகு அது ஏறவும் ஏறாது, இறங்கவும் இறங்காது. வளர்ப்பிடத்தில் பிறந்த பறவை என்பதற்கு அதனால்தான் அதைச் சான்றாகக் கொள்கிறார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒருவர் பில், வளையம் இரண்டும் இருப்பதாகச் சொல்லி ஒரு சாம்பல் கிளியை என்னிடம் கொண்டு வந்தார். துண்டில் சுற்றிப் பிடித்து, உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்து வளையத்தை மெல்லத் திருப்பிப் பார்த்தேன். உட்புறத்தில் மயிரிழை அளவுக்கு ஓர் ஒட்டுக் கோடு தெரிந்தது. வளர்ந்த பறவையின் காலில் அறுத்த வளையத்தை மாட்டிப் பொருத்தியிருந்தார்கள். பில்லில் இருந்த எண்ணிலும் கடைசி இரண்டு இலக்கங்கள் வேறாக இருந்தன. அவர் கடைக்காரரை நம்பியவர், வேறு எந்தத் தவறும் செய்யாதவர். நான் பார்த்துக்கொண்டிருந்த நேரம் முழுவதும் அந்தக் கிளி அவருடைய மகளின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. அந்தக் குடும்பம் கிளி இல்லாமல்தான் விமானம் ஏறியது.

உயிருள்ள அயல்நாட்டு இனங்களைப் பதிவு செய்யும் விதிகள் 2024 பிப்ரவரியில் வந்தன. ஏற்கெனவே வைத்திருந்தவர்களுக்கு 6 மாத அவகாசம் தரப்பட்டது, புதிதாக வாங்குபவர்களுக்கு 30 நாள். நீங்கள் பதிவு செய்தீர்களா என்று கடிதத்தில் ஒரு சொல்லும் இல்லை. செய்யவில்லையென்றால் தலைமை வன உயிரினக் காப்பாளர் அலுவலகத்தில் உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்து, அவர்கள் சொல்வதைக் கேளுங்கள். 18-ஆம் தேதிக்குள் எதுவும் நடக்காது. வாங்கும் அன்றே பில்லையும் வளைய எண்ணையும் கேட்டிருந்தால் இந்தக் கடிதத்துக்கே தேவை இருந்திருக்காது. இனி வாங்கப்போகும் மற்றவர்களாவது கேளுங்கள்.

கேள்வி: இரண்டு சின்னஞ்சிறு ஃபிஞ்சுகள்தான். கைப்பையில் வைத்துக்கொண்டால் யாருக்குத் தெரியப்போகிறது?

2004 அக்டோபரில் தாய்லாந்திலிருந்து பிரஸ்ஸல்ஸ் வந்த பயணி ஒருவர் இரண்டு கழுகுகளைக் கைப்பையில் ஒளித்துக் கொண்டு வந்தார். சோதித்தபோது இரண்டிலும் எச்5என்1 பறவைக் காய்ச்சல் கிருமி இருந்தது. அடுத்த ஆண்டே பிரிட்டனில் தனிமைக் கூடத்தில் இருந்த பறவைகளில் அதே கிருமி கண்டறியப்பட, ஐரோப்பிய ஒன்றியம் காட்டுப் பறவைகளின் இறக்குமதியை நிறுத்தியது. இவ்வளவு கெடுபிடிகளும் உங்களைப் போல நினைத்தவர்களால் வந்தவை. பிடிபடும் பறவையைப் பெரும்பாலும் கொன்றுவிடுவார்கள் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

கேள்வி: பயணத்தில் பயப்படாமல் இருக்க மயக்க மருந்து கொடுக்கலாமா?

வேண்டவே வேண்டாம். மயக்கத்தில் இருக்கும் பறவையால் குச்சியைப் பற்றி நிற்க முடியாது. மூச்சும் உடல் வெப்பமும் தடுமாறும். மாறாக, ஒரு மாதம் முன்பே பயணப் பெட்டியை வீட்டில் வைத்து, தினமும் அதற்குள்ளேயே தீனி கொடுத்துப் பழக்குங்கள். கிளிகள் மரத்தை மென்றே வெளியேறிவிடும் என்பதால் பெட்டியின் உட்புறம் உலோகத் தகடோ வலையோ இருக்கட்டும். வால் தரையில் உரசாத உயரத்தில் குச்சியை அசையாமல் பொருத்துங்கள். ஊஞ்சலையும் மணியையும் எடுத்துவிடுங்கள். தண்ணீர்க் கிண்ணம் சிந்திவிடும் என்பதால் கூடவே வெள்ளரித் துண்டும் ஆப்பிள் துண்டும் வையுங்கள்.

கேள்வி: இங்கே வல்லூறுகளுக்குப் பாஸ்போர்ட் தருகிறார்களே, என் மக்கா கிளிக்குக் கிடைக்காதா? (துபாய்)

அது வேட்டைக்காக அடிக்கடி எல்லை கடக்கும் வல்லூறுகளுக்காக, வளைய எண்ணோடு சேர்த்து, 3 ஆண்டுகளுக்குத் தரப்படும் ஆவணம். நீங்கள் ஒரே ஒரு முறை ஊர் திரும்புகிறீர்கள். உங்களுக்கு வழக்கமான சைட்டிஸ் அனுமதிதான் பொருந்தும். இந்தியாவின் இறக்குமதி அனுமதியும் தனியாக வேண்டும். நாய், பூனைக்கு உள்ள எளிய நடைமுறையைப் பறவைக்கு எதிர்பார்க்காதீர்கள். எழுத்தில் அனுமதி வந்த பிறகே டிக்கெட்.

கேள்வி: கால்நடை மருத்துவரின் உடல்நலச் சான்றிதழை இரண்டு மாதம் முன்பே வாங்கி வைக்கலாமா?

வாங்கினால் வீண். புறப்படுவதற்கு ஒரு வாரம், பத்து நாளுக்குள் எழுதப்பட்டதையே பெரும்பாலான நாடுகள் ஏற்கின்றன. அதையும் விலங்குத் தனிமைப்படுத்தல் மற்றும் சான்றளிப்பு அலுவலகம் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். முன்கூட்டியே செய்ய வேண்டியது பரிசோதனைகளை. பறவைக் காய்ச்சல், வெள்ளைக்கழிச்சல், கிளிக்காய்ச்சல் ஆகியவற்றில் எவற்றைச் சோதிக்க வேண்டும் என்பதை இறங்கும் நாட்டின் அனுமதிக் கடிதமே சொல்லும். கிளிக்காய்ச்சல் இருப்பது தெரிந்தால் டாக்சிசைக்ளின் சிகிச்சை சுமார் 45 நாள் நீளும். அது மனிதருக்கும் தொற்றும் நோய் என்பதால் வீட்டில் இருமல் உள்ளவர்களும் மருத்துவரிடம் பறவை இருப்பதைச் சொல்லுங்கள்.

கேள்வி: வழியில் ஒரு நாட்டில் விமானம் மாறுகிறோம். அங்கும் அனுமதி வேண்டுமா?

வேண்டியிருக்கும், அந்த நாட்டையும் கேளுங்கள். இயன்றவரை நேரடி விமானத்தைத் தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: அது வழக்கமாகத் தின்னும் தினையையும் கம்பையும் எடுத்துச் செல்லலாமா?

பயணத்துக்கு வேண்டிய ஒரு பிடி போதும். மீதியைப் பயிர்ப் பாதுகாப்பு அதிகாரிகள் எடுத்துக்கொள்வார்கள். பழைய கூண்டில் இருக்கும் பட்டை உரிக்காத மரக்குச்சிகளும் அப்படியே போகும். அங்கே கிடைக்கும் தீனி எது என்று விசாரித்து, புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பே சிறிது சிறிதாகக் கலந்து கொடுத்துப் பழக்குங்கள்.