பத்து நிமிடமும் ஒரு நாற்பது பக்க நோட்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பனியன் கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை. காலை ஐந்தரைக்கு எழுந்தால் படுக்க இரவு பத்தரை ஆகிவிடுகிறது. இடையில் ஓயாமல் வாட்ஸ்அப். என்னைப் பற்றி நான் யோசித்தே மாதக்கணக்காகிறது. படுக்கும் முன் கால்மணி நேரம் கண்மூடி உட்கார்ந்து பார்த்தேன். மேனேஜரோடு நடந்த வாக்குவாதமே திரும்பத் திரும்ப ஓடுகிறது. எழும்போது மனம் இன்னும் பாரமாக இருக்கிறது. எங்கே தப்பு?

ச., திருப்பூர்

அன்புள்ள ச.,

சும்மா உட்கார்வது எல்லோருக்குமே கஷ்டம். வர்ஜீனியா பல்கலைக்கழக உளவியலாளர் டிமோத்தி வில்சனின் குழு 2014-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஆட்களை 15 நிமிடம் ஒரு அறையில் தனியே விட்டு, அழுத்தினால் ஷாக் அடிக்கும் பொத்தானையும் பக்கத்தில் வைத்தார்கள். அந்த ஷாக்கைத் தவிர்க்கக் காசு கொடுக்கவும் தயார் என்று முன்பே சொன்னவர்கள்தான் அவர்கள். ஆனாலும் 18 ஆண்களில் 12 பேர், 24 பெண்களில் 6 பேர் அழுத்திவிட்டார்கள். வெறும் மனதைப் பிடித்து உட்கார வைக்க முடியாது. அதற்கு ஒரு வேலை வேண்டும்.

அதனால் எழுதுங்கள். மனதுக்குள் ஒரே வாக்கியம் நூறு தடவை சுற்றும். தாளில் அதையே மூன்றாம் தடவை எழுதக் கை கூசும். நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். செல்போனில் எழுத வேண்டாம், இரண்டாவது வரியிலேயே ஏதாவது ஒரு மெசேஜ் வந்து இழுத்துக்கொண்டு போய்விடும்.

நேரத்தையும் மாற்றுங்கள். படுக்கும் நேரத்தில் உடல் களைத்திருக்கும், மனம் சண்டைக்கு மட்டும் விழித்திருக்கும். ஆபீஸில் கம்ப்யூட்டரை அணைத்த பிறகு, நாற்காலியை விட்டு எழும் முன் பத்து நிமிடம். தினமும் எப்படியும் நடக்கிற ஒரு காரியத்தோடு இதைக் கோத்துவிட்டால் தனியாக நேரம் தேட வேண்டியதில்லை.

முதல் நான்கு நிமிடம் நடந்ததை மட்டும், ஐந்தாறு வரி, நாள்பேட்டில் பதிவது போல. 'மேனேஜர் என்னை மட்டம் தட்டினார்' என்பது தீர்ப்பு. 'இந்த பில்லை யார் போட்டது என்று நான்கு பேர் முன்னால் கேட்டார்' என்பது பதிவு. கணக்கு எழுதுகிறவருக்கு இந்த வித்தியாசம் சட்டென்று பிடிபடும். பலர் சறுக்குவது இங்கேதான்: தீர்ப்பை முதலில் எழுதிவிட்டால் மீதிப் பக்கம் முழுக்க அதற்குச் சாட்சி தேடுவதிலேயே போய்விடும்.

அடுத்த ஐந்து நிமிடம், அன்றைக்கு உறுத்திய ஒரே ஒரு இடம். எந்தச் சொல்லில் சுருக்கென்றது? அப்போது நான் என்ன செய்தேன்? என்ன செய்திருக்கலாம்? 'ஏன் எனக்கு மட்டும் இப்படி' என்ற கேள்வியைப் பக்கத்தில் அண்டவிடாதீர்கள். அது விடை தேடாது, வழக்குத்தான் நடத்தும். கடைசி நிமிடத்தில் நாளைக்குச் செய்ய ஒரு வரி. 'பொறுமையாக இருப்பேன்' என்றெல்லாம் வேண்டாம்; 'பில் நகலைக் காலை பதினோரு மணிக்குள் அவர் மேஜையில் வைப்பேன்' என்று எழுதுங்கள்.

தன்னையே திட்டித் தீர்ப்பது இன்னொரு குழி. ரோமாபுரித் தத்துவ அறிஞர் செனெகா தினமும் இரவு விளக்கணைந்ததும் அன்றைய பொழுது முழுவதையும் விசாரிப்பார். எதையும் மறைக்க மாட்டார். ஆனால், இனி இதைச் செய்யாதே, இப்போது மன்னித்தேன் என்று தனக்கே சொல்லி முடிப்பார். அந்த மன்னிப்பு இல்லாவிட்டால் நான்காம் நாளே நோட்டைத் தொடப் பயம் வந்துவிடும்.

ஒருநாள் விட்டுப்போனால் மறுநாள் சேர்த்து எழுத வேண்டாம், விட்டதை விட்டுவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை இருபது நிமிடம் ஒதுக்கி அந்த வாரப் பக்கங்களைப் படித்து, திரும்பத் திரும்ப வரும் சொற்களுக்கு அடிக்கோடிடுங்கள். பலன் அங்கேதான் தெரியும். உறுத்தியது மேனேஜரா, நான்கு பேர் பார்த்ததா என்பது மூன்று வாரத்தில் புலப்பட்டுவிடும்.

இரண்டு வாரம் எழுதியும் பாரம் கூடினாலோ தூக்கம் கெட்டாலோ நிறுத்திவிட்டு ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். நோட்டு யார் கண்ணிலாவது பட்டுவிடுமோ என்று பயந்தால் எழுத்தில் பூச்சு ஏறிவிடும். ஞாயிற்றுக்கிழமை படித்து முடித்ததும் அந்தப் பக்கங்களைக் கிழித்துவிடுங்கள்.