லூபஸ்: எந்த டாக்டரிடம் போவது?

கே: மூட்டு வலிக்கு எலும்பு டாக்டர், முகச் சிவப்புக்குத் தோல் டாக்டர், முடி கொட்டுவதற்கு இன்னொருவர் என்று ஒரு வருஷமாக அலைகிறேன். இது லூபஸாக இருக்குமா?

ப: இருக்கலாம், பார்த்துவிடுங்கள். நம் எதிர்ப்பு சக்தியே நம் உடம்பைத் தாக்கும் நோய் இது, அதனால் மூட்டு, தோல், ரத்தம், சிறுநீரகம் என்று பல இடங்களில் தொந்தரவு வரும், ஆளுக்கு ஒன்றைப் பார்த்தால் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க ஆளே இல்லாமல் போகிறது. பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள். நீங்கள் போக வேண்டியது ருமட்டாலஜிஸ்ட்டிடம், அதாவது மூட்டு நோய்களையும் இப்படி எதிர்ப்பு சக்தியே தாக்கும் நோய்களையும் பார்க்கும் டாக்டரிடம். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் இதற்குத் தனித் துறையே உண்டு. புதுச்சேரி ஜிப்மரிலும் வேலூர் சிஎம்சியிலும் இந்தத் துறையைக் கிளினிக்கல் இம்யூனாலஜி என்று கேளுங்கள். பழைய ரிப்போர்ட்டுகளைத் தேதி வரிசையில் அடுக்கிக்கொள்ளுங்கள். முகம் சிவந்திருக்கும்போதே போனில் படம் எடுத்து வையுங்கள், டாக்டரைப் பார்க்கும் நாளில் அது மறைந்திருக்கும்.

கே: லூபஸுக்காக எடுத்த ஏஎன்ஏ ரத்த டெஸ்ட் பாசிடிவ். தூக்கமே வரவில்லை.

ப: அது ஒன்றை வைத்து லூபஸ் என்று சொல்லவே முடியாது. நோயே இல்லாத பலருக்கும் லேசாகப் பாசிடிவ் வரும். உங்கள் அறிகுறிகளோடு டிஎஸ்-டிஎன்ஏ, சி3, சி4 என்ற ரத்த டெஸ்டுகள், ரத்த அணுக்களின் எண்ணிக்கை எல்லாம் சேர்ந்துதான் முடிவு. சிறுநீர் டெஸ்டை மட்டும் விட்டுவிடாதீர்கள், கேட்டு வாங்கியாவது செய்யுங்கள். லூபஸில் சிறுநீரகம் வலியே இல்லாமல் கெடும். சிறுநீரில் நுரை நிற்பதும் கால் வீங்குவதும் கண்ணுக்குத் தெரியும் முன்பே புரதம் கசிவது அந்த டெஸ்டில் தெரிந்துவிடும்.

கே: ஹைட்ராக்சிகுளோரோகுயின் கண்ணைக் கெடுக்கும் என்றார்கள், நிறுத்திவிட்டேன்.

ப: உடனே உங்கள் டாக்டரிடம் பேசுங்கள். லூபஸுக்கு அடித்தளமே அந்த மாத்திரைதான். தினமும் உடல் எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராமைத் தாண்டாமல் இருந்தால் முதல் 5 வருஷத்தில் கண் பாதிப்பு மிக அரிது. தொடங்கும்போது ஒரு கண் பரிசோதனை, 5 வருஷம் கழித்து வருஷா வருஷம். ஸ்டீராய்டையும் திடீரென்று நிறுத்தக் கூடாது, அது உயிருக்கே ஆபத்து.

கே: மகளுக்கு 24 வயது, லூபஸ் இருக்கிறது. கல்யாணம், குழந்தை?

ப: தாராளமாக. நோய் 6 மாதமாவது அடங்கியிருந்த பிறகு கருத்தரிப்பது நல்லது. எதிர்ப்பு சக்தியை அடக்கும் மைக்கோஃபினோலேட் மாத்திரை சாப்பிட்டால், கருத்தரிப்பதற்குக் குறைந்தது 6 வாரம் முன்பே டாக்டரிடம் சொல்லி வேறு மருந்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும், ஹைட்ராக்சிகுளோரோகுயின் தொடரலாம். அப்புறம் ஒன்று: மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியக்கூடாது என்று மாத்திரையை நிறுத்திவிட்டு, சில மாதத்தில் கால் வீங்கி வந்து நின்ற பெண்களைப் பார்த்திருக்கிறேன். நிச்சயத்துக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.