ஜனவரியில் நல்ல பிள்ளை

"அண்ணா, மிச்சிகன் வந்து மூன்று மாதம். சென்சார் ஆய்வில் சேர்ந்திருக்கிறேன். பாதி நாள் தூசியே இல்லாத க்ளீன்ரூமிலேயே போகிறது, ஒரு சிப்கூட உருப்படியாக வரவில்லை. இப்படியே போனால் பேராசிரியர் ஆக முடியுமா?" என்று கேட்டிருந்தீர்கள் தம்பி.

மூன்று மாதத்தில் வந்திருந்தால்தான் நான் சந்தேகப்பட்டிருப்பேன். எனக்கு முதல் சிப் வர 14 மாதம் ஆனது. ஒளியால் சிப்பில் வடிவம் பதிக்கும் லித்தோகிராஃபி அறையின் மஞ்சள் வெளிச்சத்திலிருந்து வெளியே வந்தால் நவம்பரில் ஐந்தரைக்கே இருட்டு. பகல் என்று ஒன்று இருந்ததா என்றே தெரியாது. அது பழகிவிடும். சிப்பை அரிக்கப் பயன்படும் ஹைட்ரோஃப்ளோரிக் அமிலம் மட்டும் பழகக் கூடாது. நீர்த்த அமிலம் பட்டால் உடனே எரியாது, மணிக்கணக்கில் கழித்துத்தான் வலிக்கும். அதற்கு முதலுதவியான கால்சியம் குளுக்கோனேட் ஜெல் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் கை வைக்காதீர்கள்.

என் கதையைச் சொல்கிறேன். என் சென்சார் சிப்பில் டின் ஆக்ஸைடு படலம், அடியில் குட்டி ஹீட்டர். கார்பன் மோனாக்ஸைடைக் கண்டுபிடிக்க வேண்டும். ஜனவரியில் அற்புதமாக வேலை செய்தது, கட்டுரை எழுத உட்கார்ந்துவிட்டேன். ஜூலையில் அதே சிப், அதே வாயு, வேறு கணக்கு. ஒரு வாரம் சிக்னலைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயரைத் திட்டினேன். அப்புறம் ஒரு நாள் அலுப்பில் சிப்புக்கு மேலே குனிந்து பெருமூச்சு விட்டேன். திரையில் கோடு எகிறியது. ஈரம்! குளிர்காலத்தில் இங்கே ஹீட்டர் ஓடும் கட்டடங்களில் உதடு வெடிக்கும், கதவுப்பிடியைத் தொட்டால் ஷாக் அடிக்கும். அந்த வறட்சியில்தான் என் சென்சார் நல்ல பிள்ளையாக இருந்திருக்கிறது. சென்னையில் வளர்ந்தவனுக்குக் காற்றின் ஈரம் ஒரு விஷயமாகவே படவில்லை.

அந்தக் கட்டுரை வீணாய்ப் போனது. ஆனால் வேலைக்கான நேர்காணலில் ஒருவர் அந்த ஈர விஷயத்தைத்தான் குடைந்து குடைந்து கேட்டார். சிப் செய்யப் பலர் இருக்கிறார்கள். வருடம் முழுக்க அதை நம்பி அளக்கவும், ஒழுங்காகப் பேக்கேஜ் செய்யவும், அதாவது பாதுகாப்பான உறையில் பொருத்தவும், ஆள் குறைவு. அந்தப் பக்கம் கொஞ்சம் கையை நனைத்துப் பாருங்கள்.

பேராசிரியர் ஆவது வேறு ஓட்டம். வழக்கமாக ஆறாவது வருடம் டென்யூர், அதாவது நிரந்தரப் பணிக்கான பரிசீலனை. அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளை (என்.எஸ்.எஃப்.) இளம் பேராசிரியர்களுக்குத் தரும் கேரியர் மானியத்துக்கு மூன்று தடவைதான் விண்ணப்பிக்கலாம். எனக்குக் கடைசித் தடவைதான் கிடைத்தது. அதையெல்லாம் இப்போதே நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

சிப்பில் வேண்டாத பகுதியை அரித்தெடுக்கும் எட்சிங் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்பவரிடம் நட்பாக இருங்கள். 'சார்' வேண்டாம், பேர் சொல்லியே கூப்பிடலாம். அப்புறம் 10, 15 டாலருக்கு ஈரப்பதமானி கிடைக்கும். ஒன்று அளவிடும் மேசைக்கு, இன்னொன்று உங்கள் படுக்கையறைக்கு.