ஐஆர்35: மாற்று ஆள் விதியும் இன்சூரன்ஸும் போதுமா?

பிரிட்டனில் சொந்தக் கம்பெனி வழியாக கான்ட்ராக்ட் வேலை செய்கிறீர்கள். ஒப்பந்தத்தில் மாற்று ஆள் விதி (உங்களுக்குப் பதில் வேறொருவரை அனுப்பலாம் என்பது) இருக்கிறது, தொழில் இன்சூரன்ஸும் உண்டு, ஐஆர்35-இல் (சொந்தக் கம்பெனி வழியாக வந்தாலும் உண்மையில் ஊழியர் போல வேலை செய்பவருக்கு ஊழியர் வரி போடும் பிரிட்டன் வரி விதி) மாட்டி ஊழியர் போல வரி கட்ட நேருமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டும் உதவும், ஒரே அளவுக்கு இல்லை.

கனமானது மாற்று ஆள் விதிதான். ஒருவர் ஊழியரா இல்லையா என்று பார்க்க அளவுகோல் வகுத்த 1968-இன் ரெடி மிக்ஸ்டு கான்க்ரீட் தீர்ப்பிலிருந்தே, வேலையை நீங்களே செய்தாக வேண்டுமா, உங்களை யார் கட்டுப்படுத்துகிறார்கள் என்பதெல்லாம் முக்கியமான கேள்விகள். 'வாடிக்கையாளர் சம்மதித்தால் வேறொருவரை அனுப்பலாம்' என்று இருந்தால் பெரிய பலமில்லை. அவர் காரணமே சொல்லாமல் மறுக்கலாமே. தகுதியான ஆளை நீங்களே பிடித்து, நீங்களே பணம் கொடுத்து அனுப்ப முடிய வேண்டும். அப்புறம், காகிதத்தில் எல்லாம் சரியாக இருந்தும் தினமும் காலையில் வாடிக்கையாளரின் மேனேஜர் வேலையைப் பிரித்துக் கொடுக்கிறார், லீவுக்கும் அவரிடமே கேட்கிறீர்கள் என்றால் நடைமுறைதான் எடுபடும்.

இன்சூரன்ஸ் வெறும் துணைச் சான்று. பிழையைச் சொந்தச் செலவில் திருத்தித் தர வேண்டும் என்ற விதியும் சேர்ந்தால்தான் நஷ்டம் உங்கள் தலையில், அதாவது நீங்கள் ஊழியர் இல்லை, தனித் தொழில் செய்பவர் என்று காட்டும்.

2021 ஏப்ரல் முதல், நடுத்தர, பெரிய தனியார் நிறுவனங்களில் ஐஆர்35 உங்களுக்குப் பொருந்துமா என்று தீர்மானிப்பது வாடிக்கையாளர்தான். முடிவை எழுத்தில் வாங்குங்கள். ஆட்சேபித்தால் 45 நாளுக்குள் அவர்கள் பதில் தர வேண்டும்.