கதவில் தொங்கிய பால் பை

அன்புள்ள ஐயா,
செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா பழுதானால் செல் தன்னைக் காத்துக்கொள்ளும் என்று படித்தேன். உள்ளே நடக்கும் கோளாறு உட்கருவுக்கு எப்படித் தெரிகிறது? அந்த எதிர்வினையைக் கூட்ட மாத்திரை உண்டா? வயது 46, எந்நேரமும் களைப்பு.
செல்வம்

அன்புள்ள செல்வம்,

களைப்புக்கு மருத்துவரைப் பாருங்கள். எனக்குக் கடிதம் எழுதித் தீர்வதில்லை அது. உங்கள் முதல் கேள்வி மட்டும் சில நாட்களாக என் மனதிலும் கிடக்கிறது.

எதிர்வீட்டில் தனியாக இருந்த பாட்டி இரவில் கதவுக் கொண்டியில் மஞ்சள் பையை மாட்டிவைப்பார். ஐந்து மணிக்குப் பால்காரர் பாக்கெட்டைப் போடுவார். ஐந்தரைக்குள் பை உள்ளே போய்விடும். ஒருநாள் ஏழு மணிக்கும் தொங்கியது, அடியில் ஈரத்திட்டோடு. அம்மா துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடினார். பாட்டி குளியலறையில் விழுந்து, குரலெழுப்ப முடியாமல் கிடந்தார்.

சி. எலிகன்ஸ் என்ற ஒரு மில்லிமீட்டர் புழுவின் செல்லிலும் அப்படி ஒரு பை தொங்குகிறது. ஏடிஎஃப்எஸ்-1 என்ற புரதத்தில் மைட்டோகாண்ட்ரியாவுக்கு ஒன்று, உட்கருவுக்கு ஒன்று என இரண்டு முகவரிகள் எழுதியிருக்கின்றன. நல்ல நாளில் மைட்டோகாண்ட்ரியா அதை உள்ளே இழுத்துச் சிதைத்துவிடும். பழுதானால் இழுக்கும் வலு குறைகிறது. வெளியே தங்கிய புரதம் உட்கருவுக்குப் போய், சீர்செய்யும் மரபணுக்களை எழுப்புகிறது. 2012இல் உயிரியலாளர் கோல் ஹேய்ன்ஸ் குழுவினர் இதைக் காட்டினார்கள். மனித செல்லில் டெலி1 என்ற புரதம் வழியாகச் செய்தி போகிறது. அது வேறு கதை.

ஒரு புரதத்தை ஓயாமல் செய்து ஓயாமல் அழிப்பதை வீண்வேலை என்று ஒரு நண்பர் சொன்னார். எனக்குக் கோபமே வந்தது. தினமும் அந்தப் பாக்கெட் வந்ததால்தானே, எடுக்காத நாள் என் அம்மாவின் கண்ணில் பட்டது? எச்சரிக்கையை அணைக்கத் தனி ஆணைகூட வேண்டாம். பழுது நீங்கினால் புரதம் மறுபடி உள்ளே போகும், எச்சரிக்கை அடங்கும்.

இதையா கூட்டக் கேட்கிறீர்கள்? இந்த எச்சரிக்கை ஓயாமல் இயங்கும் புழுக்களில் கெட்டுப்போன மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ களையப்படாமல் பெருகியதை 2016இல் கண்டார்கள். அடங்கவும் வேண்டும், ஐயா! கடைக்காரர் சொன்னார் என்று எதையும் வாங்கி விழுங்காதீர்கள்.

இடுப்பெலும்பு கூடிப் பாட்டி வீடு திரும்பிய மறுநாள், ஐந்தரைக்கு அம்மா வாசலுக்கு வந்து எதிர்வீட்டைப் பார்த்தார். கொண்டியில் பை இல்லை. கோலமாவுக் கிண்ணத்தோடு குனிந்து உட்கார்ந்தார்.