பல் இல்லாத தலை, மஞ்சள் இல்லாத தலை

கேள்வி: என்னிடமுள்ள தபால்தலை ஒன்றில் ஒரு பக்கம் பல் (கிழிப்பதற்கான துளைகளால் ஓரத்தில் உண்டாகும் வரிசை) இல்லை. இன்னொன்றில் மஞ்சள் நிறமே விழவில்லை. இவை அச்சுப்பிழைகள்தானா?

பதில்: முதலாவதில் ஆசை வைக்காதீர்கள். சிறு புத்தகமாகவும் சுருளாகவும் வரும் தலைகளுக்கு நேரான ஓரம் இயல்பு. அகல விளிம்புள்ள தலையைக் கத்தரித்து ஏமாற்றுவோரும் உண்டு. அதனால்தான், துளையிடாத தலை பிரிக்காத ஜோடியாக இருந்தால்தான் விவரமறிந்தவர்கள் நம்புவார்கள். ஜோடி கிடைத்தால் வெட்டிவிடாதீர்கள்!

மஞ்சள் விஷயம் சுவாரசியமானது. 10 மடங்கு உருப்பெருக்கியில் பாருங்கள். ஒரேயொரு மஞ்சள் புள்ளி தென்பட்டாலும் அது ‘நிறம் விடுபட்டது’ ஆகாது. மை குறைந்த வகைதான், மதிப்பும் வெகு குறைவு. சரியான பிரதியைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். நான்கு நிற அச்சில் மஞ்சள் விடுபட்டால் பச்சை நீலமாகவும் ஆரஞ்சு இளஞ்சிவப்பாகவும் தெரியும். இதே தோற்றத்தை வெயிலும் ரசாயனமும் உண்டாக்கும் என்பதுதான் சிக்கல். புற ஊதா விளக்கில் தாளின் ஒளிர்வு மாறியிருந்தால் சந்தேகப்படுங்கள். பசையைக் கழுவ வேண்டாம். உறையில் ஒட்டியிருந்தால் அப்படியே விடுங்கள், முத்திரைத் தேதியும் சான்றுதான். விற்பதானால் நிபுணர் குழுவின் சான்றிதழ் அவசியம்.

கேள்வி: தாள் மடிந்து அச்சான தலைக்கு மதிப்புண்டா?

பதில்: உண்டு. ஆனால் ஒவ்வொன்றும் ஒருவிதம் என்பதால் விலைப்பட்டியல்களில் பொதுவாக இடம்பெறாது. மடிப்பை நீவி நேராக்காதீர்கள்.